அம்மாவுக்கு முழங்கால் வலி, மகளுக்குக் குகை ஆசை: பேலம் போகலாமா, போரா போகலாமா?

தங்கச்சிமடத்துக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு தரைக்கு அடியில் இருக்கிற குகை ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியல் பாடத்தில் கல்விழுது, கல்முளை என்று குகைக்குள் தொங்குகிற, முளைக்கிற சுண்ணாம்புக் கற்களைப் பற்றிப் படித்ததிலிருந்து இதே பேச்சுதான். பாறையைக் குடைந்த கோயிலோ மலை இடுக்குப் பொந்தோ வேண்டாமாம், தண்ணீரே அரித்து அரித்து உண்டாக்கிய குகைக்குள் இறங்கி நடக்க வேண்டுமாம். நம் ஊரில் இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும், தனுஷ்கோடிப் பக்கம் கையால் மணலை ஒதுக்கினாலே ஊற்று. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, தரைக்குக் கீழே ஒரு மைல் நடக்கலாம் என்றால் ஆசை வரத்தானே செய்யும்.

விசாரித்ததில் ஆந்திராவில் பேலம், போரா என்று இரண்டு பெயர் கிடைத்தது. எது நமக்குச் சரிப்படும் என்று தெரியவில்லை. நாங்கள் ஐந்து பேர். மனைவி, மகள், ஆறு வயது மகன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 69 வயது, முழங்கால் வலி உண்டு. கையைப் பிடித்துக்கொண்டால் படி ஏறுவார், ஆனால் நிதானமாக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் எனக்குப் பெரிய யோசனை. அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயல் வந்தபோது அவருக்கு 8 வயது. ஒரு கல் கட்டடத்துக்குள் இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் விடியும்வரை நின்றவர். இன்றைக்கும் வருடா வருடம் டிசம்பர் 22 ராத்திரி தூங்க மாட்டார். கரண்ட் போன நேரத்தில் எங்காவது தண்ணீர் சத்தம் கேட்டால் கை நடுங்கும். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் இல்லை, அவரும் பேத்தி போகிற இடத்துக்கு நானும் வருகிறேன் என்கிறார். ஆனால் குகைக்குள் போய் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? நேரில் போய் வந்தவர்கள் உள்ளே எப்படி இருக்கும் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

-----

கீழக்கரை வாசகன் எழுதியது:

தம்பி, நாங்கள் பேலம் போய் வந்தோம். உம்மா, என் மனைவி, மூன்று பிள்ளைகள் எல்லோருமாக. உம்மாவுக்கு அப்போது 66.

பேலம் மலையில் இல்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சமதளமான நிலம், வயல்காடு. நடுவில் கிணறு மாதிரி மூன்று பெரிய குழிகள், அதில் நடுக்குழிதான் வாசல். படியில் இறங்கினால் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் குகை தொடங்குகிறது, அங்கிருந்து படுக்கைவாக்கில் நீண்டுகொண்டே போகிறது. மொத்த நீளம் 3,229 மீட்டர். நாம் நடக்கக்கூடிய தூரம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். பாதை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள். மஞ்சள் வெளிச்சம், அடங்கிய வெளிச்சம்தான், ஆனால் கால் வைக்கும் இடம் தெரியும்.

இருட்டைவிட உம்மாவைப் படுத்தியது புழுக்கம். குகை என்றால் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துப் போனோம், அப்படி இல்லை. மேலே துளை போட்டுக் காற்றை உள்ளே செலுத்துகிறார்கள், அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கும், அதைத் தாண்டினால் மறுபடி வியர்க்கும். பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. பருத்தித் துணி உடுத்துங்கள், ஆளுக்கொரு துண்டு, தண்ணீர் பாட்டில். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், சில இடம் ஈரம், வழுக்கும். அம்மாவுக்குப் பின்பக்கம் பட்டை உள்ள செருப்போ கேன்வாஸ் ஷூவோ வாங்கிக் கொடுங்கள், ஊரிலேயே நாலு நாள் போட்டு நடந்து பழகட்டும்.

கூரை ஓரிடத்தில் மண்டபம் மாதிரி உயர்ந்து நிற்கும், கொஞ்சம் தள்ளிப் போனால் குனிந்துதான் நகர வேண்டும். மகனைத் தோளில் தூக்கி வைக்காதீர்கள். என் கடைசிப் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு நான் மட்டும் குனிந்துவிட்டேன், அவன் தலை பாறையில் இடித்துவிட்டது. பெரிய காயம் இல்லை, ஆனால் அவன் அழுத சத்தம் அந்த இடத்தில் நாலு மடங்காகக் கேட்டது. இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

உள்ளே ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் உண்டு. சிம்மத்துவாரம் என்று ஒன்று, சிங்க முகம் மாதிரி கல் தொங்கும். கோடிலிங்காலு என்கிற இடத்தில் சிறிதும் பெரிதுமாக எங்கே பார்த்தாலும் லிங்க வடிவம். வேயி படகலு என்றால் தெலுங்கில் ஆயிரம் படம், நாகப்படம். கூரை முழுக்கப் பாம்பு படம் எடுத்து நிற்பது போலவே இருக்கும், உங்கள் மகள் அதன் கீழே நின்றுகொண்டு வர மாட்டாள் பாருங்கள்.

நீங்கள் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பாதாள கங்கை என்று ஓர் இடம் இருக்கிறது. குகையிலேயே ஆழமான இடம், வாசல் மட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே. சின்ன ஓடை ஒன்று ஓடிப் பாறைக்குள் மறைந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் இருக்கிற கிணற்றுக்கு அந்தத் தண்ணீர் போகிறது என்று அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். அதற்கு இறங்கும் வழி குறுகல், செங்குத்து. உம்மா போகவில்லை, நான் மூத்த மகளை மட்டும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். உங்கள் அம்மாவை அங்கே கூட்டிப்போக வேண்டாம். முழங்காலுக்காகவும் வேண்டாம், அந்தச் சத்தத்துக்காகவும் வேண்டாம். மற்ற இடங்களில் தண்ணீர் சத்தம் எனக்கு எங்கேயும் கேட்கவில்லை.

போகும் வழி: ராமேஸ்வரம் – திருப்பதி ரயில் உங்களுக்கு வீட்டு வாசலிலிருந்து கிடைக்கிறது. தினமும் கிடையாது, நாள் பார்த்துப் பதிவு செய்யுங்கள். திருப்பதியில் இறங்கி, ரேணிகுண்டா, கடப்பா வழியாகப் போகிற ரயிலில் தாடிபத்ரி. அங்கிருந்து 30 கிலோமீட்டர், கார் பிடிக்க வேண்டும். நாங்கள் போனில் பேசி வைத்த வேன் காலை ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு மதியம் ஒரு மணிக்கு வந்தது. வெயிலில் நாலு மணி நேரம் காத்திருந்த உம்மா குகைக்குள் நுழையும்போதே களைத்துப்போய்விட்டார். அதனால் முந்தைய இரவே தாடிபத்ரியில் தங்கி, அங்கேயே நேரில் பார்த்து வண்டி பேசி, காலை முதல் ஆளாக உள்ளே போய்விடுங்கள். கூட்டமும் இருக்காது, அம்மா தன் போக்கில் நடக்கலாம்.

-----

மண்டபம் கேம்ப் எழுதியது:

விசாகப்பட்டினத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். போராவுக்கு நாலைந்து தடவை போயிருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவேன்.

அழகு என்று பார்த்தால் போராதான். வாசலே ஒரு மலை வாயைத் திறந்த மாதிரி. உள்ளே கூரை எங்கேயோ உயரத்தில், குனிய வேண்டிய தொல்லை குறைவு, காற்றோட்டமும் பரவாயில்லை. அனந்தகிரி மலையில், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் இருப்பதால் டிசம்பரில் வெளியே நல்ல குளிர். விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு போகிற ரயிலில் ஏறினால் ஏகப்பட்ட மலைச் சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து போகும், போரா குகலு என்று ஸ்டேஷனே இருக்கிறது. உங்கள் பையனுக்கு அந்த ரயிலே போதும்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு நான் போராவைச் சொல்ல மாட்டேன். இறங்கும் படிகள் அதிகம், செங்குத்து, திரும்பி வரும்போது அத்தனையும் ஏற வேண்டும். சிவலிங்கம் இருக்கிற இடத்துக்கு மேலும் ஏறணும். மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், படியெல்லாம் ஈரம். கோஸ்தனி ஆறே அந்தக் குகை வழியாகத்தான் ஓடுகிறது, தண்ணீர் இல்லாமல் இருக்குமா? மழைக்காலத்தில் போனபோது உள்ளே எந்நேரமும் சொட்டுச் சத்தம். வௌவால்களும் உண்டு. அதோடு இங்கிருந்து விசாகப்பட்டினம் என்பது வயதானவருக்கு மிக நீளமான ரயில் பயணம். பிள்ளைகள் பெரியவர்கள் ஆனதும் தனியாக ஒரு தடவை போரா போங்கள். இந்தத் தடவை கீழக்கரைக் காக்கா சொல்வது சரி, பேலம்.

-----

உச்சிப்புளி டீச்சர் எழுதியது:

மகளின் ஆசையைப் படித்ததும் மனது நிறைந்துவிட்டது. பாடத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதை நேரில் பார்க்கணும் என்று ஒரு பிள்ளை கேட்பது எவ்வளவு பெரிய விஷயம். தயவுசெய்து கூட்டிப்போங்கள்.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். கரையில் ஒதுங்கிய சிப்பி ஓடு ஒன்றைக் கழுவி, கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றட்டும். ஓட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். ஒரு ராத்திரி விட்டுக் காலையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தால் மேல்பூச்சு போய் மாவு மாதிரி கையில் ஒட்டும். அதுதான் குகை உண்டான கதை. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாக மாறி, சுண்ணாம்புப் பாறையின் விரிசலில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பேலத்தில் சித்ராவதி ஆற்றுத் தண்ணீர் அந்த வேலையைச் செய்ததாகச் சொல்கிறார்கள். அப்படிக் கரைந்த சுண்ணாம்பு, கூரையிலிருந்து சொட்டும்போது வாயுவை வெளியே விட்டுவிட்டு மறுபடி கல்லாகப் படிகிறது. தொங்குவது கல்விழுது, தரையில் சொட்டு விழுந்து எழும்புவது கல்முளை, இரண்டும் சேர்ந்தால் தூண்.

நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது அந்நியமான பொருளே இல்லை. சங்கு, சிப்பி, பவளப்பாறை, பழைய வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பு எல்லாம் அதே கால்சியம் கார்பனேட்தான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பவளக் கல், ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாகத் துளை தெரியும். அந்தக் கல்லும் பேலத்துக் கூரையில் தொங்குகிற கல்லும் ஒரே சரக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் குகையைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும். பவளத்தைக் கடலிலிருந்து எடுத்துவந்து சோதிக்க வேண்டாம், அது சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவில் முன்பு பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. சிப்பி ஓடு போதும்.

இதைச் சொன்னதே இன்னொரு விஷயத்துக்காகத்தான். குகைக்குள் எதையும் தொடாதீர்கள். நம் கையில் இருக்கிற எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் வழுக்கிப் போய்விடும், சுண்ணாம்பு படிவது நின்றுவிடும், கல்லும் கறுத்துப்போகும். ஆயிரம் வருடத்தில் சில அங்குலம் வளர்கிற பொருள் அது. பேலத்தில் சப்தஸ்வர குகை என்று ஒன்று இருக்கிறது, கல்லைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஓசை தரும். தட்டிக் காட்டச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், நீங்களும் தட்டாதீர்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பவளத்தை உடைத்தபோது ஆளுக்கு ஒரு துண்டுதானே என்று நினைத்தார்கள், அதே நினைப்புதான் இதுவும்.

மகளுக்கு இதையும் சொல்லுங்கள். பேலம் குகையை 1884இல் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே ஃபுட்தான். அதன் பிறகு சுமார் நூறு வருடம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1982, 83இல் ஜெர்மனியிலிருந்து ஒரு குழு வந்து உள்ளே தவழ்ந்து போய் அளந்து வரைபடம் போட்டது. மக்களுக்குத் திறந்துவிட்டது 2002இல்தான்.

-----

பெரியபட்டினம் சங்குகுளி எழுதியது:

தம்பி, நான் குகைக்குப் போனதில்லை. பயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது எனக்குத் தெரியும்.

இருபது வருடம் சங்கு குளித்தவன். எட்டுப் பாகம், ஒன்பது பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் மூச்சுப் பிடித்து மணலைத் தடவியிருக்கிறேன். காக்கா சொன்ன 46 மீட்டர் 25 பாகம் வரும், கடலில் அந்த ஆழத்தை நான் பார்த்ததே கிடையாது. ஆனால் அங்கே தண்ணீர் நம்மை அமுக்காது, காது அடைக்காது, மூச்சு இருக்கிறது. அதனால் ஆழத்தை நினைத்து அம்மா பயப்பட வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள்.

கலங்கல் தண்ணீரில் இறங்கும்போது எனக்கு வந்த பயமெல்லாம் ஒன்றுதான், மேலே போகும் வழி எது என்று தெரியாமல் போய்விடுமோ என்று. மேலே நிற்கிற வத்தையின் (படகின்) அடிப்பக்கம் மங்கலாகக் கண்ணில் பட்டாலும் போதும், நெஞ்சு அடங்கிவிடும். உங்கள் அம்மா அன்றைக்கு நின்றது வழி தெரியாத இருட்டு. அதனால் அவர் எங்கே நின்றாலும், திரும்பிப் போக எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்கணும். வரிசையில் நடுவில் நிறுத்தாதீர்கள். பின்னால் ஆள் நெருக்கினால் அடைத்துவிட்ட மாதிரி இருக்கும். கடைசியில் வரட்டும், கூடவே நீங்களோ உங்கள் வீட்டுக்காரியோ ஒரு ஆள் இருங்கள். ஆளுக்கொரு டார்ச், அம்மா கையில் கட்டாயம் ஒன்று. விளக்கு அவர் கையிலேயே இருந்தால் அது வேறு தைரியம்.

"ஒண்ணும் இல்லம்மா, சும்மா வாங்க" என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளே இப்படி இருக்கும், இந்த இடத்தில் தண்ணீர் சத்தம், அங்கே நாம் போகப் போவதில்லை என்று முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லுங்கள். திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னால் அந்த நிமிடமே திரும்பணும். இன்னொன்று, அரையாண்டு விடுமுறை அந்த 22ஆம் தேதியை ஒட்டித்தான் தொடங்குகிறது. அந்த ராத்திரி அவரை ரயிலிலோ லாட்ஜிலோ வைக்காதீர்கள். வீட்டில் இருக்கட்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கள். 23 போகட்டும், அப்புறம் கிளம்புங்கள்.

-----

தங்கச்சிமடத்துக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அண்ணே, நீங்கள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், அவள் கண் கலங்கிவிட்டது. தேதி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. 26ஆம் தேதிக்குப் பிறகு கிளம்புகிற மாதிரி டிக்கெட் பார்க்கிறேன். பேலம் என்று முடிவு.

நேற்று ராத்திரி அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன், அண்ணன் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாக. பாதாள கங்கைக்கு நானும் மகளும் மட்டும் என்று சொன்னதும் நிம்மதியாகத் தலையாட்டினார். வினிகர் டம்ளர் இப்போது அடுப்படி மேடையில் இருக்கிறது டீச்சர், அம்மாவே சிப்பியைக் கழுவிப் போட்டார். காலையில் அதை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு "சுண்ணாம்பு மாதிரியே வருதே" என்று பேத்தியிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

காக்கா, அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே எங்கேயாவது நின்றால் வானம் தெரியுமா?

-----

கீழக்கரை வாசகன் எழுதியது:

தெரியும் தம்பி. வாசல் குழிக்குள் படி இறங்கியதும் அப்படியே நின்று நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கிணற்றுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி மேலே வானம் முழுசாகத் தெரியும், காலை வெயில் ஒரு பக்கச் சுவரில் விழுந்துகொண்டிருக்கும். அதைத் தாண்டி உள்ளே நுழைந்தால் தெரியாது. அம்மா அந்த இடம்வரை வரட்டும். அங்கே கொஞ்ச நேரம் நின்ற பிறகு, உள்ளே வருவதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும். வேண்டாம் என்றால் ஒரு ஆள் அவரோடு அங்கேயே இருக்கலாம், நீங்கள் மாற்றி மாற்றிப் போய்ப் பாருங்கள்.

அப்புறம், தாடிபத்ரியில் தங்கும்போது புக்க ராமலிங்கேஸ்வரர் கோயிலுக்கு அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். பெண்ணாற்றங்கரையில் விஜயநகரக் காலத்துக் கோயில். கூட வந்த கார் டிரைவர் சொன்னார், தெலுங்கில் புக்க என்றால் ஊற்றாம், லிங்கத்தின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்குமாம். ராமலிங்கம், ஊற்று, இரண்டுமே உங்கள் தீவுக்காரர்களுக்குப் பழக்கமானதுதானே.